வீட்டு ஆளையே தடுக்கும் காவல்காரன்!
கம்ப்யூட்டர் வாசலில் விலாசத் தகராறு: தீர்ப்பது எப்படி?

சந்தாபுரா சர்க்கிளில் இறங்கி, ஆனேக்கல் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஒரு தொழிற்கூடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்திர பாகங்கள் செய்யும் சிறிய கம்பெனி. 60 பேர் வேலை பார்க்கிறார்கள். பாதிப்பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கத்தில் இருந்து வந்த நம் ஆட்கள்.

அன்று 15-ந் தேதி. முந்திய மாதத்து பி.எப். பணத்தைக் கட்ட அதுதான் கடைசி நாள். கணக்குப்பிரிவு கிளார்க் கம்ப்யூட்டரைத் திறக்கிறார். இணையதளம் வரவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பழைய கட்டிடத்தில் இருக்கிற எல்லோருக்கும் வருகிறது. இவருக்கு மட்டும் வரவில்லை. முதல்நாள் மாலைதான் கணக்குப்பிரிவைப் புது ஷெட்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

பகல் முழுவதும் போராட்டம். "நீ என்னத்தைத் தொட்டாய்?" என்று முதலாளி கேட்கிறார். கிளார்க் ஒன்றையும் தொடவில்லை. ஆனால் பேச்சு வாங்குகிறவர் அவர்தான்.

மாலை 4 மணிக்கு நெட்வொர்க் பார்க்கும் இளைஞர் வருகிறார். காவல் எந்திரத்தின் பதிவைத் திறந்து பார்க்கிறார். "போலி விலாசம், தடுக்கப்பட்டது" என்று வரிக்கு வரி எழுதியிருக்கிறது. அவர் அந்தச் சோதனையையே நிறுத்திவிடுகிறார். உடனே இணையதளம் வந்துவிடுகிறது! பணம் கட்டியாகிவிட்டது. முதலாளிக்கு மகிழ்ச்சி. கிளார்க்குக்கு நிம்மதி.

அந்த இளைஞர் செய்தது சரியா?

சரியில்லை. பூட்டு மக்கர் செய்கிறது என்று கதவையே கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்!

சந்தாபுராவைச் சுற்றி பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகள். பெங்களூர் பக்கம் திரும்பினால் எலெக்ட்ரானிக் சிட்டி. இந்த வேலையில் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். இந்தத் தொல்லையில் மாட்டிக்கொண்டு விழிக்கும் கிளார்க்குகளும் இருக்கிறார்கள். ஆகவே இதை விவரமாகப் பார்ப்போம்.

விலாசப் பஞ்சம்

இன்டர்நெட்டில் பேசும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு விலாசம் வேண்டும். அது நாலு எண்களால் ஆனது. நடுவில் புள்ளி வைப்பார்கள். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இப்படி மொத்தம் சுமார் 429 கோடி விலாசங்கள்தான் எழுத முடியும்.

1981-ல் இந்த முறையை வகுத்தார்கள். அப்போது உலக ஜனத்தொகையே சுமார் 450 கோடிதான். கம்ப்யூட்டர்களோ மிகக் குறைவு. எனவே 429 கோடி என்பது கரைக்க முடியாத குவியலாகத் தெரிந்தது. இன்றோ ஒரே ஆள் கையில் ஒரு போன், மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், வீட்டில் ஒரு டி.வி. என்று வைத்திருக்கிறார்.

2011 பிப்ரவரி 3-ந் தேதி, உலகப் பொதுக் கிடங்கில் மிச்சம் இருந்த கடைசித் தொகுதிகளையும் 5 வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நாம் இருக்கும் ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் அந்த ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதியே ரேஷன் தொடங்கிவிட்டது.

இந்தப் பஞ்சம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. 1994 மே மாதத்திலேயே எகவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஒரு வழியை எழுதி வெளியிட்டார்கள். விதேஷ் சஞ்சார் நிகம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது 1995 ஆகஸ்டு 15-ந் தேதி. நமக்கு இன்டர்நெட் வரும் முன்பே, பஞ்சத்துக்கு மருந்து வந்துவிட்டது!

அந்த மருந்தின் பெயர் "நாட்". அதாவது விலாச மாற்று.

மேல்பார்வை விலாசம்

நமக்கு இது புதிய சங்கதி அல்ல.

பெங்களூருக்கு வந்த புதிதில் வரிசை வீட்டில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும். ஊரில் இருந்து கடிதம் வரவேண்டும் என்றால் "மே/பா" என்று போட்டு வீட்டுக்காரர் பெயரையும் விலாசத்தையும் எழுதச் சொல்வோம். தபால்காரருக்கு வீட்டுக்காரர் விலாசம் தெரிந்தால் போதும். உள்ளே இருப்பது 8 குடித்தனமா, 10 குடித்தனமா என்ற கவலை அவருக்கு இல்லை.

கம்ப்யூட்டர் விலாச மாற்றும் அப்படித்தான். 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளை உள்உபயோகத்துக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். இந்த ஒதுக்கீடு 1996 பிப்ரவரியில் உறுதியானது. இவற்றை யாரும் தங்கள் கட்டிடத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளி உலகத்தில் இவை செல்லுபடி ஆகாது. ஒவ்வொரு வரிசை வீட்டிலும் "முதல் வீடு" என்று ஒன்று இருப்பதுபோல, ஆயிரக்கணக்கான ஆபீஸ்களில் 192.168.1.1 இருக்கிறது!

உள்ளே இருந்து ஒரு பாக்கெட் கிளம்புகிறது. வாசலில் "பயர்வால்" என்னும் காவல் எந்திரம் நிற்கிறது. அது அனுப்பியவர் விலாசத்தை அடித்துவிட்டு, கம்பெனியின் வெளிவிலாசத்தை எழுதுகிறது. கூடவே "போர்ட்" என்ற ஓர் எண்ணையும் போடுகிறது. இந்த எண் 65,535 வரை போகலாம். "இந்த எண் போட்டு பதில் வந்தால், அது கணக்குப்பிரிவுக்கு உரியது" என்று தன் நோட்டில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது.

இதனால் ஒரே ஒரு வெளிவிலாசத்தை வைத்துக்கொண்டு ஒரு தொழிற்கூடம் முழுவதும் இன்டர்நெட்டை உபயோகிக்கலாம்.

கள்ள விலாசம்

காவல் எந்திரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு.

கடிதத்தின் பின்பக்கத்தில் "அனுப்புநர்" என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். தபால் ஆபீசில் சரிபார்க்கமாட்டார்கள். பாக்கெட்டும் அப்படித்தான். அனுப்பும் கம்ப்யூட்டர் எழுதியதுதான் விலாசம்.

இந்த ஓட்டையை அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ராபர்ட் மாரிஸ் 1985-லேயே சுட்டிக்காட்டினார். 1989-ல் ஸ்டீவன் பெல்லோவின் விரிவாக எழுதினார். ஆனாலும் பட்ட பிறகுதான் உறைத்தது.

1994 டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் நாள். சுடோமு ஷிமோமுரா என்ற விஞ்ஞானியின் கம்ப்யூட்டருக்குள் ஆள் புகுந்தது. எப்படி? அவருடைய கம்ப்யூட்டர் நம்பிக்கை வைத்திருந்த இன்னொரு கம்ப்யூட்டரின் விலாசத்தைப் போட்டுக்கொண்டு!

1996 செப்டம்பரில் நியூயார்க்கில் பானிக்ஸ் என்ற இன்டர்நெட் கம்பெனியை முடக்கிவிட்டார்கள். ஓயாமல் கதவைத் தட்டும் பாக்கெட்டுகளைக் குவித்தார்கள். எல்லாவற்றிலும் பொய் விலாசம். பதில் சொல்லப் போனால் எதிரில் ஆள் இல்லை.

2018 பிப்ரவரி 28-ந் தேதி நடந்தது இதைவிடப் பெரிது. கிட்ஹப் என்ற பெரிய தளத்தின் விலாசத்தை "அனுப்புநர்" என்று போட்டு, உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர்களிடம் தகவல் கேட்டார்கள். பதில்கள் எல்லாம் கிட்ஹப் தலையில் வந்து விழுந்தன. நம் பெயரில் எவனோ நூறு கடைகளுக்கு ஆர்டர் கொடுத்தால், பார்சல் எல்லாம் நம் வீட்டு வாசலில் குவியும் அல்லவா? அதே கதை. உச்சகட்டத்தில் வினாடிக்கு 1.35 லட்சம் கோடி பிட் வேகத்தில் தகவல் கொட்டியது!

இதற்குப் பரிகாரம் என்ன? பெர்குசன், செனி என்ற இருவர் 2000 மே மாதத்தில் வெளியிட்ட விதி மிக எளிமையானது. எந்த வாசல் வழியாக எந்த விலாசம் வரலாம் என்று முன்பே எழுதி வைத்துக்கொள். அது அல்லாதது வந்தால் தடுத்துவிடு. அவ்வளவுதான். உள்வீட்டு விலாசத்தைப் போட்டுக்கொண்டு வெளிவாசலில் ஒருவன் வந்தால் அவன் கள்ளன்!

இதே யுக்தியை நம் டெலிபோனிலும் பார்க்கலாம். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்திய எண்ணைக் காட்டி மிரட்டும் மோசடி அழைப்புகள் பெருகின. அவற்றைத் தடுக்க மத்திய அரசு 2024 அக்டோபர் 22-ந் தேதி ஒரு தடுப்பு முறையைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் சிக்கின என்று அறிவித்தார்கள். உள்நாட்டு எண், வெளிவாசலில் ஏன் வருகிறது? கேள்வி ஒன்றுதான்.

மோதல் எங்கே?

ஆக, ஒரே வாசலில் இரண்டு வேலை. ஒன்று விலாசத்தை மாற்றுவது. மற்றொன்று விலாசத்தைச் சந்தேகப்படுவது. இரண்டுக்கும் பதிவேடு சரியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வீட்டு ஆளே கள்ளன் ஆகிவிடுவான்.

நம் கிளார்க்குக்கு நடந்தது அதுதான். பழைய கட்டிடத்து விலாசங்கள் 192.168.1 என்று தொடங்கின. புது ஷெட்டுக்கு 192.168.2 என்று கொடுத்தார்கள். இப்படிப் புது விலாசம் சேர்த்தால் மூன்று இடத்தில் எழுதவேண்டும்.

வழிப் பட்டியல்: பதில் வந்தால் புது ஷெட்டுக்கு எப்படிப் போவது என்று.

வாசல் பட்டியல்: இந்த விலாசம் உள்வாசலில் வரலாம் என்று.

மாற்றுப் பட்டியல்: வெளியே போகும்போது வெளிவிலாசம் போடு என்று.

முதலாவதையும் மூன்றாவதையும் எழுதியவர்கள், இரண்டாவதை மறந்துவிட்டார்கள். காவல்காரன் மேல் குற்றம் இல்லை. அவனிடம் பெயர் கொடுக்காதவர்கள் மேல்தான் குற்றம்.

மூன்றாவதை மறந்திருந்தால் இன்னும் வேடிக்கை. பாக்கெட் உள்விலாசத்தோடு அப்படியே வெளியே போய்விடும். காவல் எந்திரத்தின் பதிவில் "அனுமதி" என்றுதான் இருக்கும். ஆனால் செல்லாத விலாசத்துக்கு யார் பதில் போடுவார்கள்? எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். வேலை மட்டும் நடக்காது.

வேறு சிக்கல்கள்

அடிக்கடி வரும் மற்றச் சிக்கல்களையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓசூரில் வீட்டில் இருந்தபடி வி.பி.என். மூலம் ஆபீசுக்குள் நுழைகிறார் ஒருவர். அவருக்குக் கொடுத்த விலாசம் ஆபீசின் உள்விலாசத் தொகுதியிலேயே எடுத்தது. வருவதோ வெளிவாசல் வழியாக. காவல்காரன் சும்மா இருப்பானா? வி.பி.என். ஆட்களுக்குத் தனித் தொகுதி ஒதுக்கி, அது எந்த வாசலில் வரும் என்று பதிந்துவிட்டால் தகராறு தீரும்.

சில கம்பெனிகளில் இரண்டு இன்டர்நெட் லைன் இருக்கும். ஒன்றில் கேள்வி வந்து, இன்னொன்றில் பதில் போகும். "இந்த விலாசத்துக்குப் போகும் வழி அந்த வாசல். நீ ஏன் இந்த வாசலில் வந்தாய்?" என்று கண்டிப்பான சோதனை தடுத்துவிடும். இப்படிப்பட்ட இடங்களுக்கு என்றே 2004 மார்ச்சில் தனி வழிமுறை வெளியிட்டார்கள். அங்கே கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்தலாம். "விலாசம் ஏதாவது ஒரு வாசலுக்காவது உரியதா?" என்று பார்த்தால் போதும். அதோடு, வந்த லைனிலேயே பதில் போகும்படி செய்வது உத்தமம்.

மற்றொன்று. கம்பெனிக்குள் வருகைப்பதிவு சர்வர் இருக்கிறது. வெளியே இருந்து போனில் பார்த்தால் தெரிகிறது. கேன்டீனில் உட்கார்ந்து கம்பெனி வைபையில் பார்த்தால் தெரியவில்லை! ஏன்?

வரிசை வீட்டுக் கணக்கிலேயே பாருங்கள். நீங்கள் பக்கத்துக் குடித்தனத்துக்கு, வீட்டுக்காரர் விலாசம் போட்டுக் கடிதம் எழுதுகிறீர்கள். வீட்டுக்காரர் அதை அவரிடம் கொடுக்கிறார். அவரோ முற்றத்தைத் தாண்டி வந்து தன் பெயரிலேயே உங்களிடம் பதிலைக் கொடுக்கிறார். நீங்கள் எதிர்பார்ப்பது வீட்டுக்காரர் விலாசத்தில் இருந்து பதில். "உமக்கு நான் எழுதவே இல்லையே!" என்று திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது. அனுப்புநர் விலாசத்தையும் சேர்த்து மாற்றினால் பதில் காவல் எந்திரம் வழியாகவே திரும்பும். அல்லது உள்ளே இருப்பவர் சர்வரின் பெயரைக் கேட்டால் உள்விலாசத்தையே சொல்லும்படி செய்யலாம். இரண்டில் ஒன்று போதும்.

கிளை ஆபீசோடு பேசும் பாக்கெட்டுகளுக்கு விலாச மாற்றே கூடாது. ஆனால் "எல்லோருக்கும் மாற்று" என்ற பொதுவிதி மேலே இருக்கும். "கிளைக்கு மாற்றாதே" என்ற விதி கீழே இருக்கும். எந்திரம் மேலிருந்து படித்து, பொருந்தும் முதல் விதியோடு நின்றுவிடும். விசேஷ விதி மேலே, பொதுவிதி கீழே. இதை மறக்கக்கூடாது.

வாங்கிய புது வெளிவிலாசத்தை ஒரு சர்வருக்குக் கொடுத்தும் வெளியே இருந்து வரவில்லையா? லைன் கொடுத்தவரின் ரவுட்டர் "இந்த விலாசம் யாருடையது?" என்று கேட்கும். காவல் எந்திரம் "என்னுடையது" என்று பதில் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிடும்போது வாய் திறக்காத பையன்போல அது நின்றால், ஆப்சென்ட்தான்!

மூன்று கேள்விகள்

கோளாறு வந்தால் எதையும் மாற்றுவதற்கு முன்பு மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்.

பாக்கெட் எந்த வாசலில் வந்தது? எந்த விலாசம் போட்டு வந்தது? வெளியே போகும்போது எந்த விலாசமாக மாறியது?

காவல் எந்திரத்தின் பதிவில் முதல் இரண்டுக்கும் விடை இருக்கும். மூன்றாவதற்கு உள்வாசலிலும் வெளிவாசலிலும் பாக்கெட்டைப் பிடித்துப் பார்க்கவேண்டும். அதற்கு டி.சி.பி.டம்ப் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. உள்ளே வந்தது, வெளியே போகவில்லை என்றால் கோளாறு எந்திரத்துக்குள். வெளியே போனது, பதில் வரவில்லை என்றால் விலாசத்திலோ வழியிலோ கோளாறு. பதில் வாசல் வரை வந்தது, உள்ளே வரவில்லை என்றால் நோட்டிலோ வழிப் பட்டியலிலோ கோளாறு.

இன்னொரு விஷயம். விதியைத் திருத்திய பிறகும் பழைய தொடர்புகள் நோட்டில் பழையபடியே இருக்கும். புதிதாக ஒரு தொடர்பு தொடங்கிப் பார்த்த பிறகே "சரியாகவில்லை" என்று முடிவு செய்யவேண்டும். இது தெரியாமல், சரியாக எழுதியதையே அழித்து இரவெல்லாம் கண்விழித்தவர்கள் உண்டு.

அவசரம் என்றால் என்ன செய்வது? "தடுக்காதே, குறித்து மட்டும் வை" என்று ஒரு வசதி பல எந்திரங்களில் இருக்கிறது. தகராறு உள்ள அந்த ஒரு வாசலில் மட்டும், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அதைப் போடலாம். எப்போது போட்டோம், எப்போது எடுக்கவேண்டும் என்று எழுதி வைக்கவேண்டும். வெளிவாசலில் ஒருபோதும் கைவைக்கக்கூடாது.

பழி யார் மேல்?

சோதனையை அடியோடு நிறுத்தினால் என்ன ஆகும்? வெளியே இருந்து உள்விலாசம் போட்டு வருகிறவனைக் கேட்க ஆள் இல்லை. உள்ளே கிருமி புகுந்த ஒரு கம்ப்யூட்டர், ஊரான் விலாசத்தைப் போட்டுக்கொண்டு வெளியே கல்லெறிந்தாலும் கேட்க ஆள் இல்லை.

ஒரு வெளிவிலாசத்தின் பின்னால் பலர் இருக்கிறார்கள். தப்பு செய்தவன் ஒருவன். வெளியே தெரிவது பொதுவிலாசம். வீட்டுக்காரர் விலாசத்தைத் தேடி போலீஸ் வந்தால், குடித்தனம் இருக்கும் எல்லோர் மேலும் கண் விழும் அல்லவா? அதிலும் வெளியூர்க்காரன் மேல் முதலில் விழும்! அப்போது நம்மைக் காப்பாற்றுவது அந்த நோட்டுதான். எந்த நேரத்தில், எந்த உள்விலாசம், எந்தப் போர்ட் எண்ணில் போனது என்று அது சொல்லும்.

இந்தியாவின் கம்ப்யூட்டர் அவசரப் பாதுகாப்பு அமைப்பான "செர்ட்-இன்" 2022 ஏப்ரல் 28-ந் தேதி ஓர் உத்தரவு போட்டது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும். தாக்குதல் நடந்தால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். கம்ப்யூட்டர் கடிகாரங்கள் ஒரே நேரம் காட்டவேண்டும் என்பதும் அதில் உண்டு. கடிகாரம் 5 நிமிடம் தவறினால் ஒருவன் பழி இன்னொருவன் தலையில் விழுந்துவிடும்.

விலாசப் பஞ்சத்தைத் தீர்க்க ஐ.பி. 6 என்ற புதிய முறை வந்திருக்கிறது. அதில் விலாசத்துக்குக் குறைவே இல்லை. அதனால் விலாச மாற்றின் தேவை குறையும். ஆனால் வாசல் சோதனையின் தேவை குறையாது. விலாசம் எவ்வளவு பெருகினாலும், பொய் விலாசம் எழுதுகிறவனும் இருப்பான்.

ஒரே வரி!

நம் கிளார்க் கதைக்கு வருவோம். வாசல் பட்டியலில் "192.168.2 என்று தொடங்குவதும் உள்வீடுதான்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். சோதனையை நிறுத்த எடுத்துக்கொண்ட நேரத்தைவிடச் சற்று அதிகம் ஆகியிருக்கும். பணமும் கட்டியிருக்கலாம். காவலும் நின்றிருக்கும்.

கிளார்க்குகளுக்கு ஒரு வார்த்தை. "நீ என்னத்தைத் தொட்டாய்?" என்று கேட்டால் பயப்படாதீர்கள். "நேற்று எதை மாற்றினீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். மேஜையை மாற்றியதும், புது லைன் இழுத்ததும், புது ரவுட்டர் வைத்ததும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். கோளாறின் முதல் துப்பு அதுவே.

இந்த வேலையில் இருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. வேறு மாநிலத்தில் வந்து, "விலாசச் சான்று எங்கே?" என்ற கேள்விக்கு வரிசையில் நின்று பதில் சொன்னவர்கள் நாம். பெயர் பதியாதவன் படும் பாடு நமக்குத் தெரியும். அதற்கு மருந்து, பெயரைப் பதிவது. காவலை எடுப்பது அல்ல.

அடுத்த மாதமும் 15-ந் தேதி வரும். அதற்குள் அந்தச் சோதனையை மறுபடியும் போட்டு வையுங்கள்!